மருந்தடித்த கைகள்: பினாங்கில் ஐந்து நாட்கள்

முதல் நாள், வெள்ளி

கோலாலம்பூர் சென்ட்ரலில் காலையில் ஏறிய மின்ரயில் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடி என்னைப் பட்டர்வொர்த்தில் இறக்கிவிட்டது. 1985இலேயே பாலம் திறந்தாகிவிட்டது. பினாங்குத் தீவுக்குக் காரிலேயே போய்விடலாம். ஆனாலும் நான் எப்போதும் ஃபெரியில்தான் கடக்கிறேன். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கடலைக் கடந்தார். அவருடைய வலக்கையில் இரண்டு விரல் நகங்கள் கறுத்துக் கழன்று விழுந்திருந்தன. தீவில் ஒரு மருத்துவரிடம் காட்டினால் காரணம் தெரியும் என்று, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். நகச்சுற்று என்று சொல்லிக் களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார் அவர். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அம்மா, 'மருந்தடிக்கிறேன் ஐயா' என்றுதான் சொல்லியிருப்பார்.

தோட்டத்தில் வளராதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் தோட்டப்புறத் தமிழில் களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி என்ற சொற்கள் கிடையாது. புல்லுக்கு அடிப்பதும் மருந்து, பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து. காய்ச்சல் வந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் ஊற்றிக் கொடுப்பதும் மருந்து. பால்மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பரும் செம்பனையும் நிற்கும் நிரைகளுக்கு நடுவே புல் மண்டாமல் இருக்க, பதினெட்டு லிட்டர் பிடிக்கும் பம்பை முதுகில் கட்டிக்கொண்டு, ஒரு கையால் நெம்பிக்கொண்டும் மறுகையால் குழாயை வீசிக்கொண்டும் விடியற்காலை முதல் மதியம் வரை நடக்கிற வேலைதான் மருந்தடிப்பு. ஆண்கள் குலை வெட்டப் போனார்கள். மருந்தடிப்பு பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. பம்பின் மூடி கசிந்து முதுகில் வழிந்தால் மாலையில் சவர்க்காரம் போட்டுக் குளித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் பாதுகாப்பு.

அம்மா பிற்காலத்தில் மூச்சுத் திணறலால் பெரிதும் அவதிப்பட்டார். அதற்கு மருந்தடிப்புதான் காரணம் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. நானும் அப்படி அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். எதைச் சுமந்தோம் என்று தெரியாமலேயே அவர் போய்ச் சேர்ந்தார் என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும், அதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது.

நான் பார்க்க வந்திருப்பது எட்டுப் பெண்களை. அவர்களில் ஆறு பேர் முன்னாள் மருந்தடிப்புக்காரர்கள், ஒருவர் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர், ஒருவர் அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்திருக்கும் இவர்களுக்குச் சங்கப் பதிவும் கிடையாது, தலைவரும் கிடையாது. தங்கள் உடம்புக்குள் என்ன போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை தங்களுக்கு உண்டு என்ற ஒரே எண்ணத்தில் சேர்ந்தவர்கள். பெயர்களை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், நான் அவர்களை அழைக்கும் விதத்திலேயே இங்கும் குறிப்பிடுகிறேன்.

துறைமுகத்தில் பெரியக்கா குடையோடு நின்றிருந்தார். எழுபத்து மூன்று வயது. "பசியாறினியா தங்கச்சி?" என்று மாலை நாலு மணிக்குக் கேட்டார். ரயிலில் ஏதாவது சாப்பிட்டேனா என்பதுதான் அதன் பொருள். ஆயர் ஈத்தாமில் அவர் மகன் வீட்டில்தான் இந்த நான்கு இரவுகளும் தங்கப் போகிறேன்.

இரண்டாம் நாள், சனி

இன்று தீவுக்குள்ளேயே சுற்றினோம். பெரியக்காவுக்கு முழங்கால் வலி என்றாலும், மஸ்ஜித் நெகிரி சாலைக்குப் போயே ஆக வேண்டும் என்றார். கிரீன்லேன் என்றால்தான் பழைய ஆட்களுக்குத் தெரியும். அங்கேதான் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. சனிக்கிழமை என்பதால் உள்ளே போகாமல் வாசலோரம் நின்று பார்த்தோம்.

உலகத்தின் மறுமூலையில் இருப்பவர்கள்கூட உடல்நல உரிமையைப் பற்றிப் பேசும்போது பினாங்கைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. 1969இல் தொடங்கிய இந்தச் சங்கத்தை எஸ். எம். முகமது இத்ரிஸ் 2019 மே மாதம், தம் 92ஆவது வயதில் மறையும் வரை வழிநடத்தினார். மீனவர், தோட்டத் தொழிலாளர், வீட்டுப் பெண்கள் என்று யார் வந்து முறையிட்டாலும் உட்கார வைத்துக் கேட்கும் வழக்கத்தை அது ஏற்படுத்தியது; தமிழிலும் இதழ் நடத்தியது. 1982இல் பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான பன்னாட்டு வலையமைப்பு இந்தத் தீவில் கூடிய கூட்டத்தில்தான் பிறந்தது. தாய்ப்பாலுக்கான உலகக் கூட்டணி 1991இல் உருவாகி இங்கேயே தலைமையகம் வைத்துக்கொண்டது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் நாடுதோறும் கொண்டாடப்படும் தாய்ப்பால் வாரம் அவர்கள் தொடங்கியது. இந்த முயற்சிகள் பலவற்றிலும் பினாங்கிலிருந்து இயங்கிய அன்வார் ஃபசால் என்பவரின் கை இருக்கிறது. ஒருவரையொருவர் தெரிந்த, ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்ட சில டஜன் மனிதர்கள் இத்தனையையும் கட்டி எழுப்பினார்கள் என்பது இந்தச் சிறிய ஊரில் நடந்து பார்க்கும்போதுதான் புரிகிறது.

ஆனால் பெரியக்கா கிரீன்லேனுக்கு வந்தது அந்த வரலாற்றுக்காக இல்லை. தம் வாழ்க்கையை மாற்றிய ஒரு நாளைப் பற்றிச் சொல்வதற்காக. சாலையோரம் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டே சொன்னார்.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒருநாள், தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் வீசியிருந்த காலித் தகரம் ஒன்றை, தண்ணீர் பிடித்து வைக்க உதவுமே என்று எடுத்திருக்கிறார். மருந்தைக் கலப்பது கங்காணியான மண்டோரின் வேலை என்பதால், தோம்பில் கலந்த தண்ணீரைத்தான் அவர்கள் பார்த்திருந்தார்களே தவிர, அது வந்த தகரத்தை யாரும் அருகில் பார்த்ததில்லை. பச்சையும் நீலமும் கலந்த கறை படிந்த காகிதம் ஒன்று அதில் ஒட்டியிருந்தது. அதன் மூலையில் ஒரு மண்டையோடு. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். காகிதத்தைச் சுரண்டிச் சுரண்டிப் பிய்த்து, வெற்றிலை மடிப்பதுபோல மடித்து, சேலை மடியில் செருகிக்கொண்டு, அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பேருந்தும் ஃபெரியும் ஏறித் தீவுக்கு வந்திருக்கிறார். யாரிடம் போவது என்று தெரியாமல் கேட்டுக் கேட்டு வந்ததில், ஓர் அலுவலகத்தில் ஓர் இளைஞர் அவருக்கு நாற்காலி போட்டு, தேநீர் வாங்கிக் கொடுத்து, அந்தக் காகிதத்தை மேசையில் நீவிவிட்டு வரிக்கு வரி படித்துக் காட்டினாராம்.

"முதல் வார்த்தையே ராச்சுன்னு படிச்சாரு. ராச்சுன் தெரியாதா எனக்கு? நஞ்சு. பாசார்ல மலாய்க்காரங்ககிட்ட மீன் வாங்குறப்போ பேசுற மலாய்தானே. பதினோரு வருஷமா மருந்து மருந்துன்னு சொல்லி முதுகுல கட்டிவிட்டது ராச்சுன்."

அதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவே இல்லை. எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது. இளைஞர் படித்துக்கொண்டே போயிருக்கிறார். அது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. உள்ளே போனால் முறிவு மருந்து கிடையாது. புண்ணுள்ள தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். நகத்தைக் கெடுக்கும், மூக்கில் ரத்தம் வரவைக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையைப் பாதிக்கும். சுவீடன் 1983இலேயே அதைத் தடைசெய்துவிட்டது. அம்மாவின் நகங்கள் கழன்றதற்கான காரணம் ஏதோ ஒரு தகரத்தின் மேல் அச்சாகியே இருந்திருக்கிறது.

மதியம் மெக்காலிஸ்டர் சாலை வழியாக வந்தபோது நர்ஸ் அக்காவும் சேர்ந்துகொண்டார். வளரும் நாடுகளின் உரிமைகளுக்காக வாதாடும் மூன்றாம் உலக வலையமைப்பின் அலுவலகம் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. கல்லீரலைத் தின்னும் ஹெபடைடிஸ் சி நோய்க்கான சோஃபோஸ்புவிர் மாத்திரை 2013இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் விலை வைத்தார்கள். மலேசிய அரசு 2017 செப்டம்பரில் காப்புரிமையைத் தாண்டி அரசு மருத்துவமனைகளின் பயன்பாட்டுக்காகப் பொதுவகை மாத்திரையை வரவழைக்க உரிமம் வழங்கியதும், சிகிச்சைச் செலவு சில நூறு டாலருக்குள் வந்தது. நோயாளிகள் அமைப்புகளும் இந்த வலையமைப்பைப் போன்றவர்களும் விடாமல் வாதாடியதன் பலன் அது. "மாத்திரை இருக்கு, ஆனா ஒங்களுக்கு இல்லன்னு வார்டுல சொல்ற நெலமையில நான் நின்னுருக்கேன் தங்கச்சி" என்றார் நர்ஸ் அக்கா. உடல்நலச் சுதந்திரம் என்றால் வேண்டாததை மறுப்பது மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அவரோடு அரைமணி நேரம் பேச வேண்டும்.

மூன்றாம் நாள், ஞாயிறு

எட்டுப் பேரும் கூடும் நாள். காலையில் ஃபெரியில் கடந்து, நர்ஸ் அக்காவின் மகன் ஓட்டிய காரில் நிபோங் திபால் பக்கம் போனோம். நான் பிறந்த தோட்டம் இருந்த இடம் வழியில்தான் வரும். இப்போது அங்கே சுற்றுச்சுவரும் தொழிற்சாலைகளும்தான். கோயில் மட்டும் தள்ளி வைத்துக் கட்டிய புதிய கோபுரத்தோடு நிற்கிறது. லயம் நின்ற இடத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை; அதிக நேரம் நிற்கவும் மனம் வரவில்லை.

தோட்டம் மூடியபோது சிதறிப்போன குடும்பங்களில் பல தாமான் எனப்படும் பக்கத்துக் குடியிருப்புப் பகுதிகளில் மலிவு விலை வீடுகளில் குடியேறின. அப்படி ஒரு வீடுதான் ஆயாக்காவுடையது. முன்வாசலில் பெயிண்டு டின்களில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் துளசியும் வளர்கின்றன. ஓரத்தில் ஒரு முருங்கை. கீரையைக் கடையில் வாங்குவதில்லை என்று எட்டுப் பேரும் முடிவெடுத்து வருடக்கணக்காகிறது. யார் வீட்டில் எது நன்றாக வருகிறதோ அது மற்றவர்களுக்குப் போகும். எதையும் அடிக்காமல் வளர்ந்த கீரை என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் நிறைவை, மருந்தடித்த ஒருவரின் மகளாகப் பிறந்தால்தான் முழுதாக உணர முடியும்.

நெத்திலிச் சம்பல், வல்லாரைத் துவையல், முருங்கைக்கீரைப் பொரியல், ரசம். சாப்பாடு முடிந்ததும் ஆயாக்கா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். உள்ளே பிளாஸ்டிக் பையில் சுற்றிய பள்ளிக்கூட நோட்டுப் புத்தகங்கள் ஐந்து. இந்தக் கூட்டத்தின் அடித்தளமே அந்த நோட்டுகள்தான்.

ஆயாக்கொட்டகையில் ஏணைகளை ஆட்டிக்கொண்டிருந்தவருக்கு மற்றவர்கள் பார்க்காத ஒன்று கண்ணில் பட்டது. பத்து மணிக்குப் பாலூட்ட ஓடிவரும் தாய்மார்களின் கைகளை அவர்தான் தினமும் பார்த்தார். வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் வைத்து, முழங்கை வரை கழுவாமல் யாரையும் பிள்ளையைத் தொட விடமாட்டாராம். பெரியக்கா தீவுக்குப் போய்வந்து விஷயத்தைச் சொன்ன வாரத்திலிருந்து, பார்த்ததை எழுதவும் ஆரம்பித்துவிட்டார். முதல் நோட்டின் ஒரு பக்கத்தை விரலால் தொட்டுப் படித்தேன். பென்சில் எழுத்து, கோடு தாண்டாத குண்டு எழுத்து. தேதி, ஆளின் பெயர், பிறகு ஒரே ஒரு வரி: 'மூக்கில் ரத்தம். காற்று எதிர்ப்பக்கம்.' அடுத்த வரி: 'கட்டைவிரல் நகம் வெள்ளை.' அதற்கடுத்தது: 'தலைசுற்றல், வாந்தி. டிரஸர் கால்பால் மாத்திரை.' அப்படியே பக்கம் பக்கமாக. பிள்ளைக்குப் பாலூட்ட வந்தபோது கண் எரிந்து அழுத ஒருத்தியின் பெயருக்கு நேரே எதுவும் எழுதாமல் ஒரு புள்ளி மட்டும் இருந்தது. ஏன் என்று கேட்டேன். எழுதினால் வேலை போய்விடும் என்று அந்தப் பெண் அஞ்சியதால், மறக்காமல் இருக்கப் புள்ளி வைத்தாராம்.

மருத்துவப் பயிற்சி எதுவும் இல்லாத ஒரு ஆயா, யாரும் சொல்லித்தராமல், ஒவ்வொருவருடைய விருப்பத்தையும் மதித்து வைத்த பதிவு அது. ஒரு மனிதரின் உடம்பைப் பற்றிய செய்தி அந்த மனிதருக்கே சொந்தம் என்பதை அந்தப் புள்ளி எனக்குச் சொன்னது போல வேறெதுவும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளில் பெண் தொழிலாளர் உரிமைக்கான அமைப்பான தெனாகனித்தாவிலிருந்தும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பிலிருந்தும் வந்தவர்கள் மருந்தடிக்கும் பெண்களைத் தேடித் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். தெனாகனித்தாவை 1991இல் தொடங்கிய ஐரின் ஃபெர்னாண்டஸ் கெடாவில் தோட்டச் சூழலில் வளர்ந்தவர். 2014இல் அவர் மறைந்த செய்தி வந்த அன்று இந்த எட்டுப் பேரும் இதே கூடத்தில் விளக்கேற்றி உட்கார்ந்திருந்தார்களாம். 1992இலும் 2002இலும் வந்த ஆய்வறிக்கைகள், இந்தப் பெண்களைப் போன்றவர்கள் வாயால் சொன்னதை உலகத்தின் முன் வைத்தன. பினாங்கிலிருந்து அந்த வேலையைப் பல்லாண்டு காலம் முன்னின்று நடத்திய சரோஜினி ரெங்கத்தைப் பற்றி ஆயாக்கா பேசும்போது, வெளியூரில் கட்டிக்கொடுத்த சொந்தத் தங்கையைப் பற்றிப் பேசுவது போலவே இருந்தது.

2002 ஆகஸ்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக அரசு அறிவித்தது. எட்டு வீட்டிலும் அன்றைக்குப் பாயசம். நான்கே ஆண்டுகளில், 2006இல், அந்த முடிவு தளர்த்தப்பட்டது. பெரியக்கா தம் வாழ்க்கையில் அழுத நாட்களில் அதுவும் ஒன்று என்கிறார். கூட்டம் கலைந்துபோயிருக்கக்கூடிய காலம் அது. வயதாகிவிட்டது, தோட்டத்தை விட்டும் வந்தாகிவிட்டது, இனி நமக்கென்ன என்று இரண்டு பேர் சொன்னார்கள். அப்போது எட்டுப் பேரில் ஒருவரான வெற்றிலை அக்கா சொன்னாராம்: "நம்ம விட்ட பம்ப இப்ப எவ முதுகுல கட்டுறாங்க?" வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் அந்தப் பம்பைச் சுமக்கத் தொடங்கியிருந்தார்கள். இவர்கள் மறுபடியும் மனு எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், போபாலில் 1984 டிசம்பர் 3ஆம் தேதி நச்சுவாயுவால் மாண்டவர்களின் நினைவு நாளில் ஒவ்வோர் ஆண்டும் கூடினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இல் விற்பனை நின்றது. மலேசியாவில் 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் முழுத்தடை வந்தது. அன்று காலை பெரியக்கா பழைய பம்பின் தோள்வாரை, எத்தனையோ ஆண்டுகளாக எதற்கென்று தெரியாமல் வைத்திருந்ததை, எடுத்துக் குப்பையில் போட்டாராம்.

அந்த மகிழ்ச்சிக்கு மூன்று மாதம்கூட ஆயுள் இல்லை. மார்ச் 18இல் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. மறு ஆண்டு தடுப்பூசி வந்தபோது, முப்பது ஆண்டு நட்பு உடையும் நிலைக்குப் போனது. இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுது என்று எல்லோரும் சொன்னார்கள்.

பெரியக்கா ஊசி வேண்டாம் என்றார். "என்னன்னு தெரியாம இனி எதையும் ஒடம்புல ஏத்த மாட்டேன். ஒரு தடவ மருந்துன்னு சொல்லித்தான் ஏமாத்துனாங்க" என்பது அவர் வாதம். வாட்ஸ்அப்பில் வந்த பயமுறுத்தும் குரல்பதிவுகளும் சேர்ந்துகொண்டன. இன்னொருவர், ஊசி போடாதவர்கள் இனி என் வாசல்படி மிதிக்க வேண்டாம் என்று வெட்டிப் பேசிவிட்டார். நான் ஊசி போட்டுக்கொண்டவள். கடும் நோயிலிருந்தும் மரணத்திலிருந்தும் அது பெருமளவுக்குக் காப்பாற்றியது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பொய்ச்செய்திகள் மேல் எனக்குக் கோபமும் உண்டு. ஆனால் பெரியக்காவின் அச்சத்தை மூடத்தனம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. அந்த அச்சத்தை அவருக்கு விலைகொடுத்து வாங்கித் தந்தவர்கள் வேறு யாரோ.

நர்ஸ் அக்கா சண்டை போடவில்லை. வீடு விட்டு வீடு போக முடியாத அந்த நாட்களில், தினமும் மாலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, ஒப்புதல் படிவத்தையும் தகவல் தாளையும் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். உள்ளே என்ன இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது, காய்ச்சல் வந்தால் எத்தனை நாள், அரிதாக என்ன ஆபத்து வரலாம், போடாவிட்டால் என்ன ஆகலாம். தெரியாத கேள்விக்குத் தெரியவில்லை என்று சொல்லி, மறுநாள் கேட்டு வந்து சொன்னார். பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் பெரியக்கா, "பேரப் பதிஞ்சி விடச் சொல்லு பேரன்கிட்ட" என்றாராம்.

வெட்டிப் பேசியவர் பின்னர் வந்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் ஒன்பதாவதாக ஒருவர் இருந்தார். ஊசி போடாமலே இருந்தவர், அன்றைய பேச்சில் புண்பட்டுப் போனவர், இன்றுவரை வரவில்லை. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் அவர் வீட்டுக்குப் போகின்றன. டப்பா கழுவித் திரும்பி வருகிறது. இன்றும் ஒன்பது தட்டுகள்தான் எடுத்து வைத்தார் ஆயாக்கா. எனக்காக என்று நினைத்துவிட்டேன். எனக்கு வாழையிலை போட்டிருந்தார்.

நான்காம் நாள், திங்கள்

இந்தக் கூட்டத்தில் யாரும் தனியாக மருத்துவமனைக்குப் போவதில்லை. முறை வைத்துக் கூடப் போவார்கள். காகித நாள்காட்டியில், ராகு காலத்துக்குக் கீழே இருக்கும் வெற்றிடத்தில், யாருக்கு எந்தக் கிளினிக், யார் துணை என்று நீல மையில் எழுதியிருக்கும். இன்று வெற்றிலை அக்காவுக்குச் சிறுநீரகக் கிளினிக். துணை நர்ஸ் அக்கா, மூன்றாவதாக நான்.

வெற்றிலை அக்காவுக்கு இருபது ஆண்டு இனிப்புநீர், அதாவது நீரிழிவு. சிறுநீரகம் கிட்டத்தட்ட ஓய்ந்துவிட்டது. இந்த நாட்டில் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் பெரும்பாலோருக்கு இனிப்புநீர்தான் காரணம் என்பதால், வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர் இருந்தது எனக்கு வியப்பாக இல்லை, வருத்தமாக இருந்தது. எண் அழைக்கும் வரை நர்ஸ் அக்கா ஒரு சிறு தாளை எடுத்து வாசித்துக் காட்டினார். ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள்தாம்: எனக்கு என்ன ஆகியிருக்கிறது? என்ன செய்யப் போகிறீர்கள்? வேறு வழி உண்டா? ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்? யோசிக்க எத்தனை நாள் தருவீர்கள்?

மருத்துவர் முப்பது வயதுகூட ஆகாத மலாய்ப் பெண். கதவுக்கு வெளியே அத்தனை பேர் காத்திருந்தும், தாளில் படம் வரைந்தே விளக்கினார். வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம், மையத்துக்குப் போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்திகரிப்பது ஒரு வழி. அதற்குக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து, அது முதிர்வதற்குச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். வயிற்றில் குழாய் பொருத்தி, தினமும் நான்கு முறை வீட்டிலேயே இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு வெளியே எடுப்பது இன்னொரு வழி. அதற்குச் சுத்தமான அறையும் சுத்தமான கையும் வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுக்குள் கிருமி புகுந்துவிடும். எதுவுமே வேண்டாம் என்றால் வலியும் மூச்சிரைப்பும் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் சிகிச்சை உண்டு, ஆனால் நாட்கள் குறையும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

வெற்றிலை அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தம் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார். இடக்கைப் பெருவிரலில் நகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மேடு. "இந்தக் கை சுத்தமா இருக்கும்னு நெனைக்கிறீங்களா டாக்டர்?" என்று மலாயில் கேட்டார். மருத்துவர் அந்தக் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் எங்கள் அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

வெற்றிலை அக்கா பதில் சொன்னார். மருந்து என்று சொல்லவில்லை. ராச்சுன் என்றார். மருத்துவர் அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார். நகம் இல்லாததால் தடையில்லை, கழுவும் முறையைத் தாதிகள் பழக்கித் தருவார்கள் என்றார். முடிவு சொல்ல இரண்டு வாரம் கொடுத்தார்.

வெளியே வந்து கேண்டீனில் தே குடித்தோம். மருந்தடிப்புதான் சிறுநீரகத்தைக் கெடுத்ததா என்று யாரும் கேட்கவில்லை. இனிப்புநீர் கணக்கு அவர்களுக்குத் தெரியும், இருபது ஆண்டு அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த வழி நல்லது என்றும் யாரும் சொல்லவில்லை. எந்த வழியைத் தேர்ந்தாலும் என்னென்ன தேவைப்படும் என்பதை மட்டுமே பேசினார்கள். மையத்துக்குப் போவதென்றால் வாரம் மூன்று நாள் கார் யார் கொண்டுவருவது. வீட்டில் என்றால் எந்த அறைக்குச் சுண்ணாம்பு அடிப்பது, ஜன்னலுக்கு வலை யார் வாங்குவது, பை மாற்ற எத்தனை பேர் கற்றுக்கொள்வது. எதுவும் வேண்டாம் என்று அவர் தீர்மானித்தால் இரவில் யார் கூடப் படுப்பது என்பதையும், அதே குரலில், அவர் முன்னிலையிலேயே பேசினார்கள். அவர் கேட்டுக்கொண்டு கறிபப்பைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள், செவ்வாய்

காலையில் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரம் வரை போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். படியேறப் பெரியக்காவின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஃபெரியில் என்னோடு பட்டர்வொர்த் வரை வந்து, ரயில் மேடை வாசலில் ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். ஈரத்துணியில் சுற்றிய வல்லாரை, வேரோடு. "செந்தூல்ல தொட்டியில வையி. எதையும் அடிக்காத."

ரயில் புக்கிட் மேரா ஏரியைக் கடந்துகொண்டிருந்தபோது நர்ஸ் அக்கா அழைத்தார். வெற்றிலை அக்கா இரண்டு வாரம் காத்திருக்கவில்லை. நேற்று இரவே சொல்லிவிட்டாராம். வீட்டிலேயே, வயிற்றுக் குழாய் வழி. பை மாற்றக் கற்றுக்கொள்ள ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆயாக்கா வாசலில் வாளியும் சவர்க்காரமும் வைக்கப் போகிறாராம், பழையபடி.

பிறகு, ஒன்பதாவது அக்காவிடமும் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்றார். அவர் இன்னும் பதில் அனுப்பவில்லை. ஆனால் இன்று காலை டப்பா திரும்பி வந்தபோது காலியாக வரவில்லை. உள்ளே ஒரு புதிய நகவெட்டியும் இரண்டு வெள்ளைத் துண்டுகளும் இருந்தன.

"ஒன் பேரு மூணாவது வாரத்துல இருக்கு தங்கச்சி. நாள்காட்டியில எழுதியாச்சு. லீவு கெடைக்குமா?"

நாளைக்கே விடுப்புக் கடிதம் கொடுக்கிறேன் என்று சொன்னேன்.